விழுவதற்கு ஒரு பாய்

"பாய் யாருக்கு தம்பி? கல்யாணத்துக்கா?"

"இல்லம்மா. விழுறதுக்கு."

தரையோடு தரையாகக் கட்டியிருந்த தறியில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து கோரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பத்தமடைக்குப் படுக்கப் பாய் கேட்டு வருவார்கள், தொழப் பாய் கேட்டு வருவார்கள், கல்யாணச் சீருக்கு வருவார்கள். சுவரில் மாட்டப் பாய் தேடும் பட்டணத்துக்காரர்களும் உண்டாம். விழுவதற்கென்று கேட்டு வந்தவன் அந்த வீட்டுக்கு நான்தான் முதல் ஆள்.

நான் விழுகிறவன். ஆறு வருஷமாக, வாரத்தில் மூன்று மாலை, சென்னையில் ஒரு மாடிக் கூடத்தில் ஐக்கிடோ பழகுகிறேன். முதல் ஆறு மாதமும் விழுவதற்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முன்னால் உருள், பின்னால் உருள், எழு, மறுபடி உருள். எங்கள் கூடத்தில் விரித்திருப்பது ஸ்பாஞ்சுக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்ட பலகைகள். சித்திரை மாதத்தில் அதில் கால் வைத்தால் தோசைக்கல். வேகமாகத் திரும்பினால் பெருவிரல் தோல் உரிந்துவிடும். ஆனால் பெயர் மட்டும் தத்தாமி. ஒருநாள் வகுப்பு முடிந்து அவற்றை அடுக்கும்போது எங்கள் ஆசிரியர் போகிற போக்கில் சொன்னார்: தத்தமு என்றால் ஜப்பானிய மொழியில் மடிப்பது. மடித்து வைத்த விரிப்புதான் தத்தாமி. பழைய ஜப்பானில் அது மெல்லிய பாய். வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது மடித்து வைப்பார்கள். நெல் வைக்கோலை அழுத்திச் செய்த கனத்த மெத்தை அடியில் சேர்ந்து, தரையாகவே ஆகிப்போனது பிற்பாடு. மேலே போர்த்துவது இன்றைக்கும் 'இகுசா' என்ற ஒரு கோரை. நனைந்த வயலில் வளர்த்து அறுத்துச் சணல் நூலிலோ பருத்தி நூலிலோ கோத்து நெய்கிறார்கள்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஆச்சியின் பரணில் புடவைபோல மடித்து வைத்திருந்த பத்தமடைப் பாய்தான். மடிக்கிற பாய். அதைத் தேடித்தான் பஸ் ஏறினேன்.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மேலப்பாளையம் தாண்டி, முன்னீர்பள்ளம் தாண்டி, மேலச்செவல் வந்ததும் வயல் இருபுறமும் விரிகிறது. கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் பூமி. மேற்கே மலை நீலமாகக் கிடந்தது. பத்தமடை விலக்கில் இறங்கி, டீக்கடையில் "பாய் நெய்யுற வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன். "எந்த பாய்?" என்றார் கடைக்காரர். முஸ்லிம்களை 'பாய்' என்று கூப்பிடும் வழக்கத்தில், பாய் நெய்கிற பாய் வீட்டைத் தேடிவந்தவனுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பழைய விளையாட்டு இது. தமிழில் பாய் என்றால் தாவு என்றும் பொருள் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கூடத்தில் நான் ஆறு வருஷமாகச் செய்வதும் அதுதான்: பாயில் பாய்தல்.

அந்த வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே போனால் நீளமான அறை. தரையில் அடித்த முளைகளில் இரண்டு மூங்கில்களைக் கட்டி, அவற்றுக்கிடையே பாவு நூலை இழுத்து விட்டிருந்தார்கள். முக்காலிபோல நட்ட மூன்று கம்புகளிலிருந்து ஒரு கயிறு, அந்தக் கயிற்றில் மர அச்சு. அம்மா பாவுக்குக் குறுக்கே போட்ட பலகையில் குந்தி உட்கார்ந்திருந்தார். நீண்ட குச்சியின் முனையில் ஒரு கோரை இழையை மாட்டி இழைகளுக்கு நடுவே விட்டு இழுப்பார். பிறகு அச்சைத் தன் பக்கம் ஒரு தட்டு. ஒரு ஓரத்தில் மீந்த இழையை விரலால் மடித்துச் செருகல். அடுத்த இழை. ஒரு விரல் அகலம் வளர எத்தனை தட்டு என்று எண்ணத் தொடங்கி, இருபதுக்கு மேல் எண்ண மறந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

கோரை ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் விளைவது. பச்சையாக அறுத்து, வகிர்ந்து, வெயிலில் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம்போல் ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பியதை மறுபடி காயவைக்க வேண்டும். முரட்டுப் பாய்க்கு அவ்வளவு போதும். பட்டுப்பாய் என்று சொல்கிறார்களே, அதற்குத் தண்டை இன்னும் மெல்லியதாக, மயிர் இழைபோல வகிர வேண்டும். 100, 120, 140 என்று எண்ணிக்கை ஏற ஏறப் பாய் துணியாகிக்கொண்டே போகும். 140 எண்ணிக்கைப் பாயைக் கைக்குட்டைபோல மடிக்கலாம். சாயத்துக்கு முன்பு சப்பாங்கட்டையைக் கொதிக்க வைத்தார்கள். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனதாக ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கூலி அதற்குத் தக்கபடி ஏறவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள்.

"விழுறதுக்கு எவனாவது பட்டுப்பாய் வாங்குவானா? அதுக்கு வைக்கப்போர் போதாதா?" என்று கேட்டார் அம்மா.

சரியான கேள்வி. தத்தாமி செய்யும் ஒரு ஜப்பானியரும் அதையேதான் சொல்லியிருப்பார். பழைய முறைத் தத்தாமியின் வயிற்றில் இருப்பது வைக்கோல்தானே. கோரை மேல்தோல் மட்டும்.

நான் விளக்க முயன்றேன். சண்டைக் கலை. ஜப்பானுடையது. மோரிஹெய் உயெஷிபா என்று ஒருவர், 1883இல் பிறந்தவர், 1969இல் மறைந்தவர், பழைய போர்வீரர்களின் பூட்டுகளையும் எறிகளையும் கற்று, அவற்றைத் தன் போக்கில் திருப்பி அமைத்தார். ஐக்கிடோ என்ற பெயர் 1942இல்தான் நிலைத்தது. ஐ என்றால் பொருந்துதல், கி என்றால் மூச்சு, உயிர்ப்பு, டோ என்றால் வழி. எதிராளி தள்ளினால் எதிர்த்துத் தள்ளாமல், அவன் வரும் போக்கிலேயே கூடப்போய் அவனைக் கீழே கொண்டுவர வேண்டும். கீழே போகிறவனுக்கும் கலை உண்டு. அதற்குப் பெயர் உக்கேமி.

"என்னது?"

"உக்கேமி. விழுறதுன்னு சொல்வாங்க. ஆனா சரியா சொன்னா, உக்கேன்னா வாங்கிக்கிறது. மின்னா உடம்பு. உடம்பால வாங்கிக்கிறது."

"அடி வாங்குறதுன்னு சொல்லு" என்றார் அவர், அச்சைத் தட்டிக்கொண்டே.

ஆறு வருஷமாக எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. எங்கள் கூடத்தில் உக்கேமியை ஆங்கிலத்தில் விளக்கினால் 'விழும் முறை' என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதில் வாங்குவது இல்லை. தமிழில் பாருங்கள்: அடி வாங்கினான், உதை வாங்கினான், போதும் போதும் என்கிற அளவுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டான். அடியையும் நாம் சம்பளம்போலக் கைநீட்டி வாங்குகிறவர்கள். ஜப்பானியரும் அப்படியே. எறிகிறவர் நாகே, வாங்குகிறவர் உக்கே. வாங்கத் தெரியாதவன் தோளை உடைத்துக்கொள்வான். முதல் வருஷத்தில் நான் உடைத்துக்கொண்டதுபோல. ஒரு சீனியர் எறிந்ததும் கையைத் தரையில் ஊன்றி நிற்கப் பார்த்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஆறு வாரம் தூளிக்கட்டு. அது எறிந்தவர் தப்பில்லை. வாங்க மறுத்தவன் நான்.

அந்தத் திண்ணையில் உட்கார்ந்து மற்றச் சொற்களையும் ஒவ்வொன்றாகத் தமிழில் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் வரை அந்த வேலைதான். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. உக்கே-மி என்பதில் முதல் பாதி வினையின் அடி, அடுத்த பாதி பெயர். 'இரிமி' என்ற இன்னொரு சொல்லும் அப்படியே: இரி என்றால் உள்ளே நுழைதல், மி என்றால் உடம்பு. அடி விழுமுன்னே எதிராளியின் பக்கவாட்டுக்குள் புகுந்து நிற்பதற்கு அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த வினைத்தொகை ஞாபகம் இருக்கிறதா? ஊறுகாய், சுடுசோறு. அதே தச்சு வேலை. வாங்குமெய், புகுமெய் என்று சொல்லிவிட்டால் ஒரு சொல்லும் கூடுதலில்லை, குறைவில்லை.

நீளமான பெயர்களில் இது இன்னும் சுவாரசியம். மணிக்கட்டை ஒருவன் ஒரு கையால் பிடிக்க, நாம் அவன் கைக்கடியில் புகுந்து திரும்பி எறிவதை 'கத்தத்தே-தோரி ஷிஹோ-நாகே' என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை போட்டால்: ஒருகைப் பிடி, நாற்றிசை எறி. வரிசை மாறவே இல்லை. முதலில் தாக்குதல், பின்னால் பதில். நடப்பதும் அந்த வரிசையில்தான். இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் வாலைத் தலையாக்கி, எறியை முதலில் சொல்லி, பிடியைக் கடைசியில் ஒட்ட வேண்டும். எங்கள் கூடத்தில் ஆங்கிலவழியில் படித்த பையன்கள் இந்தப் பெயர்களை மந்திரம்போல உருப்போடுகிறார்கள். தமிழ்வழியில் படித்த ஒரு ஆட்டோ ஓட்டுநர், பொருளை ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டார். 'கொத்தே-காயெஷி' என்றால் மணிக்கட்டுத் திருப்பு. 'கொக்யூ-நாகே' என்றால் மூச்சு எறி. 'தென்சி-நாகே' என்றால் ஒரு கை வானத்துக்கும் ஒரு கை மண்ணுக்கும் போகிற வான்மண் எறி. 'இக்யோ' என்றால் முதற்பாடம். அதற்குமேல் அதில் ஒரு ரகசியமும் இல்லை.

இந்த வரிசை ஒற்றுமையை வைத்துக்கொண்டு இரண்டும் உறவுமொழி என்று வாதாடியவர் சுசுமு ஓனோ. ஜப்பானிய மொழியறிஞர், 2008இல் காலமானார். தமிழ்நாட்டில் அவருக்கு ரசிகர்கள் அதிகம், மொழியியலாளர்களில் அவரை ஏற்றவர்கள் குறைவு. எனக்கு அந்த வழக்கில் வேலையில்லை. வினை கடைசியில் வரும் மொழிகள் உலகில் எத்தனையோ உண்டு. உறவு இல்லாமலேயே ஒருவர் வீட்டு வாசல் இன்னொருவருக்குத் தலை தட்டாமல் இருக்கலாம். எனக்கு அது போதும்.

ஒலிதான் கொஞ்சம் ஏமாற்றும். ஆசிரியரை சென்செய் என்பார்கள். நம் காதுக்கு அதில் 'சேய்' கேட்கிறது. பொருளோ நேர் எதிர்: முன்னால் பிறந்தவர். வயதைச் சொல்கிற சொல்தான், ஞானத்தைச் சொல்கிற சொல் இல்லை. ஜப்பானில் பள்ளி ஆசிரியரும் சென்செய், டாக்டரும் சென்செய். நம் ஊரில் ஐக்கிடோ, கராத்தே வகுப்புகளில் அந்தச் சொல்லுக்கு ஏற்றியிருக்கும் சாம்பிராணிப் புகை அங்கே கிடையாது.

பயிலும் கூடத்துக்கு டோஜோ என்று பெயர். வழியின் இடம். இந்தச் சொல் ஜப்பானில் பிறந்ததில்லை. போதிமண்டம் என்ற நம் பக்கத்துச் சொல்லைச் சீனத்துப் பிக்குகள் தங்கள் எழுத்தில் பெயர்த்தார்கள், அது கடல் தாண்டி டோஜோ ஆனது. போதிமண்டம் என்பது கயையில் அரசமரத்தடியில் புத்தர் உட்கார்ந்த இடம். அந்தக் கதையில் ஒரு புல்வெட்டி வருகிறான். சோத்தியன் என்று பெயர். எட்டுப் பிடி புல் கொடுத்தான், அதை விரித்துத்தான் சித்தார்த்தர் உட்கார்ந்தார் என்கிறது மரபு. ஆக உலகத்தின் முதல் டோஜோவில் விரித்திருந்தது அறுத்த புல். கோரை அறுக்கும் ஊரில் உட்கார்ந்து இதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சிலிர்ப்பும்.

சாப்பாட்டுக்கு நெசவு நின்றது. நான் வெளியே வந்து அக்கிரகாரத்தெருப் பக்கம் நடந்தேன். பத்தமடைக்கு இன்னொரு பெயரும் உண்டு: சிவானந்தர் ஊர். 1887 செப்டம்பர் 8 அன்று குப்புசாமியாக இங்கே பிறந்து, டாக்டராகி மலேயா போய், பத்து வருஷம் வைத்தியம் பார்த்துவிட்டு, ரிஷிகேசத்தில் சந்நியாசியானவர். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார். அவருடைய சீடர்கள் வழியாகத்தான் யோகாசனத்தின் வடமொழிப் பெயர்கள் மான்ட்ரியால் வரை போயின. இன்று கனடாவில் ஒரு தாத்தா பாயை விரித்து 'சவாசனம்' என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கிறார். அந்தச் சொல்லைத் தன் மொழியில் மாற்றிக்கொடு என்று அவர் சண்டைபோடவில்லை. சண்டைக்கலையிலும் அப்படியே: 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்ந்தது முதல், எந்த நாட்டு நடுவரானாலும் 'ஹஜிமே' என்று சொல்லித்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார். ஆரோவில்லில் ஐக்கிடோ பழகும் பிரெஞ்சுக்காரருக்கும் பக்கத்துக் கிராமத்துப் பையனுக்கும் பொதுவாக இருப்பது இந்த ஐம்பது அறுபது ஜப்பானியச் சொற்கள்தான்.

சிவானந்தர் தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். பையனாக இருந்தபோது ஒருவரிடம் 'ஃபென்சிங்' கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதிக்காரர். சில நாளிலேயே கண்டிப்பு வந்தது, பிராமணப் பையன் அவரிடம் போய் மாணவனாக நிற்பதா என்று. பையன் யோசித்தான். பூஜையறைச் சிவன் அந்த மனிதரின் நெஞ்சுக்குள் போய்விட்டதாகத் தோன்றியதாம். பூவும் பலகாரமும் துணியும் எடுத்துப் போய், மாலை போட்டு, காலில் விழுந்து வணங்கிவிட்டு வந்தான். அவர் தன் குருதான் என்று எழுதுகிறார்.

நான் இதுவரை கேள்விப்பட்ட விழுதல்களில் இதுதான் பெரியது. ஆனால் என்னை உறுத்துவது அந்த 'ஃபென்சிங்'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலி ஜில்லாவில் ஒரு தலித் ஆசான் ஒரு சிறுவனுக்கு ஐரோப்பியக் கத்திச்சண்டையா கற்றுக்கொடுத்திருப்பார்? அது சிலம்பமாகவோ வாள்வீச்சாகவோதான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆங்கிலத்தில் எழுதியதால் அது ஃபென்சிங் ஆனது. ஆசானின் பெயரும் இல்லை, அவர் சொல்லிக்கொடுத்த முதல் காலடிக்கு அவர் வைத்திருந்த பெயரும் இல்லை. ஒரு சொல்லை மாற்றியதில் ஒரு கலையின் முகவரியே போய்விட்டது.

இதனால்தான் ஜப்பானியச் சொற்களை எடுத்துவிட்டுத் தமிழில் கட்டளையிடலாமே என்று கேட்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உக்கேமியை உக்கேமி என்றே சொல்ல வேண்டும், அது அவர்கள் வீட்டுப் பிள்ளை. பொருளை மட்டும் முதல் நாளிலேயே தமிழில் சொல்லிவிட வேண்டும், மந்திரமாக்கி மூன்று வருஷம் இழுக்கக் கூடாது. நம் சொற்களுக்கும் அதே மரியாதை வேண்டும். சிலம்பத்தில் காலடிக்குச் சுவடு என்று பெயர். தொடக்கத்தில் செய்யும் வணக்கத்துக்குச் சலாம் வரிசை என்று பெயர், அரபுச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கின்றன. தெற்கே அடிமுறை என்ற சண்டைக்கலையில் ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு, பூட்டு, பிரிவு என்று போகிறது. எங்கள் இரண்டாம் பாடமான 'நிக்யோ'வை அடிமுறை ஆசான் ஒருவரிடம் செய்துகாட்டினால் "இது பூட்டுதானே" என்று சொல்லி அடுத்த நொடி பிரிவு காட்டிவிடுவார். இவற்றில் எதைச் சொன்னாலும் இன்றைக்குச் சில பயிற்சி மையங்களில் 'லாக்', 'ஸ்டெப்', 'சல்யூட்'.

மூன்று மணிக்கு மறுபடி தறிக்கு வந்தேன். பட்டுப்பாய் எனக்கு எட்டாது என்று தெரிந்திருந்தது. விழுவதற்கும் ஆகாது. வகுப்பின் தொடக்கத்தில் மண்டியிட்டுக் குதிகாலில் உட்காரும் 'செய்சா'வுக்கு ஒரு தடுக்கு போதும் என்றேன். தடுக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது, பட்டணத்துக்காரன் வாயில் அதை எதிர்பார்க்கவில்லை போலும். கல்யாணப் பாயில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் தேதியும் வைத்து நெய்வார்களே, அதுபோல இதில் ஒரு சொல் வைக்க முடியுமா என்று கேட்டேன். தாளில் எழுதிக் கொடுத்தேன்: உக்கேமி.

மகள் எட்டிப் பார்த்தாள். "பொண்ணு பேரா?"

"இல்ல."

"மாப்பிள்ளை பேரு நாகேவா?" எறிகிறவர் நாகே என்று முன்பு நான் சொன்னதை அவள் மறக்கவில்லை.

அம்மா எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். நெய்வதில் புள்ளிதான் கஷ்டம், ஒற்றை இழையில் நிற்காது, 'க்' மேல் இருப்பதை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுத்தால் உககேமி ஆகிவிடும், வல்லினம் கரைந்துபோகும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு இழையில் கட்டம்போல ஒரு புள்ளி வைத்துத் தருகிறேன் என்றார். எழுந்து நிற்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்த முட்டி. தடுக்கு இருபது நாளில் கிடைக்கும், கூரியர் செலவு தனி.

சேரன்மகாதேவிப் பக்கமோ அம்பாசமுத்திரப் பக்கமோ இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது அந்தக் காலத்தில் கம்பு சுற்றிய தாத்தா இருந்தால், ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். அவர் எந்தச் சுவடுக்கு என்ன பெயர் சொன்னார், அவருக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியாரின் பெயர் என்ன, ஊர் எது என்று கேட்டு அப்படியே எழுதி வையுங்கள். ஆங்கிலத்தில் மாற்றாதீர்கள்.